உறை கிழித்த மெத்தையும் அப்பாவும்

"ஆடி 3, வெள்ளிக்கிழமை" என்று தலைப்பிட்டு அப்பா எழுதிய கடிதமொன்றை அம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆண்டு குறிப்பிடப்படவில்லை. தபால் முத்திரையும் மங்கிவிட்டது. அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போனபின் வந்த இரண்டாவது சிறுபோக நெற்செய்கையைப் பற்றி அதில் எழுதியிருப்பதால், அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து வயது என்று கணிக்க முடிகிறது. கடிதத்தில் இப்படி இருக்கிறது:

"நாங்க சுகம். மெத்தைக்குக் கடையில போட்டுத் தந்த பொலித்தீன் உறைய நான் கிழிச்சுப் போட்டன். நீ ஆசைப்பட்டு வாங்கச் சொன்ன மெத்தை. கோவிக்காத. நேரில வந்தாப் பிறகு சொல்றன். வேளாண்மை இந்த முறை பரவாயில்லை."

அம்மா நேரில் வந்த பிறகும் அப்பா சொல்லவில்லை. அந்தக் காரணத்தை அப்பாவின் இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவள் சிரித்துவிட்டாள்.

"எழுதுங்கக்கா. மெத்தயில மூத்திரம் பெஞ்ச புள்ள நான்தானெண்டு இப்ப சொன்னா எனக்கென்ன வெக்கம்? அப்பா செஞ்சத ஆரும் அறியாமப் போனாத்தான் வெக்கம்."

அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

அப்பா வெல்லாவெளிக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பிறப்புச் சான்றிதழ் மாசி மாதம் என்கிறது. அவருடைய மூத்த சகோதரி தை மாதம் என்றே கடைசிவரை சாதித்தார். தந்தையை இளமையிலேயே இழந்ததால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. திருமணத்தின் பின், எங்கள் பக்க வழக்கப்படி, அம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த மண்டூர் வீட்டுக்குக் குடிவந்தார். அதே வளவில் அடுத்த வீடு அம்மாவின் தங்கையான எங்கள் சின்னம்மாவுடையது. அப்பா வட்டை என்னும் வயல்வெளியில் வேளாண்மை செய்தார். நாட்டு நிலைமையால் இரண்டு முறை வீட்டை விட்டுப் போய்த் திரும்பினோம். இரண்டாம் முறை திரும்பியபோது கூரை இல்லை. கூரை போடுவதற்காகத்தான் அம்மா கடல் கடந்து போனார்.

அம்மாவின் விருப்பப்படி அந்த மெத்தை களுவாஞ்சிக்குடியில் வாங்கப்பட்டது. குருமண்வெளித் துறையில் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து வந்தது. பாதை என்பது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியின் குறுக்கே வரும் மிதவை. தண்ணீர் தெறித்தும் பொலித்தீன் உறையினால் மெத்தை நனையவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் உறையை யாரும் கழற்றவில்லை. புதுக் கதிரையானாலும் மெத்தையானாலும் கடை உறையோடு பாவிப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். உறை இருக்கும்வரை அது புதியது. தங்கையோ அம்மா போன மாதத்திலிருந்தே படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தாள். சின்னம்மா காலையில் ஈரத் துணியால் பொலித்தீனைத் துடைத்துவிட்டு, "பாருங்க மச்சான், ஒரு சொட்டு உள்ள போகல்ல" என்று பெருமைப்படுவார்.

ஆடி மாதக் கச்சான் காற்று எங்கள் பக்கத்தில் அனலாக வீசும். கடிதத்துக்கு முந்திய ஒரு நாள் தங்கை காய்ச்சலில் அயர்ந்து பகல் தூக்கத்தில் இருந்தாள். சின்னம்மா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா சோற்றுக்காக வட்டையிலிருந்து வந்தபோது, மெத்தையின் தலைப்பக்கத்தில் கிழிந்திருந்த பொலித்தீன் காற்றில் எழுந்து தங்கையின் முகத்தில் படிந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது அது வாய்க்குள் குழிந்ததாம். அப்பா பாய்ந்து விலக்கினார். அவள் இருமி, அழுது, தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சின்னம்மா எனக்குச் சொன்னது அப்பா காலமான பிறகு.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நான் கண்டது, அப்பா மெத்தையை நிமிர்த்தி வைத்து, கதிர் அறுக்கும் கத்தியால் உறை முழுவதையும் கிழித்துக்கொண்டிருந்ததைத்தான். கிழித்ததைச் சுருட்டி அடுப்படிப் பரணில்கூட வைக்கவில்லை. குழி தோண்டிப் புதைத்தார்.

"இனி மெத்த ஊறி நாறப் போகுது" என்றார் சின்னம்மா. "அக்கா வந்து கேட்டா என்ன சொல்றது? மெத்தயச் சுருட்டி வச்சிட்டு அவள பாயில போடுங்க மச்சான்."

"மெத்த புள்ளைக்கு வாங்கினது. புள்ள மெத்தைக்கு வாங்கினதில்ல."

"அப்ப ரெண்டு அடியாவது போடுங்க. பயத்தில நிண்டுரும்."

"நித்திரையில செய்றதுக்கு அவளுக்கு என்னண்டு அடிக்கிற? முழிச்சிருக்கிற நாமதான் ஏதாவது செய்யோணும்."

முதலில் அவர் செய்தது சரிவரவில்லை என்பதையும் எழுத வேண்டும். யூரியா வந்த பையைப் பல தடவை கழுவி வெட்டி விரித்தார். ஊருக்கு வந்த மருத்துவமாது அதைக் கண்டுவிட்டு அப்பாவை நன்றாக ஏசினார்.

"பயிருக்குப் போட்ட உரப்பையா புள்ளைக்கு? மேல் அவிஞ்சிராதா? மெல்லிய பொலித்தீனும் வேணாம், உரப்பையும் வேணாம். ஆசுபத்திரிக் கட்டிலில போடுற மாதிரி றப்பர் சீலை வாங்குங்க. கழராம இழுத்துக் கட்டுங்க. அதுக்கு மேல பருத்தித் துணி. புள்ளட முகத்துப் பக்கம் றப்பர் போகப்படாது."

அப்பா அடுத்த நாளே வாவியைக் கடந்து போனார். என்னையும் கூட்டிப் போனதால் இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தைக்கருகே இருந்த தையற்காரர் அப்பா புதிதாக வாங்கிய றப்பர் சீலையை நீட்டிச் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இதென்ன அண்ணன், மெத்தைக்குப் பாவாடையா தைக்கச் சொல்றீங்க?"

"பாவாடையெண்டே வைங்க. நாலு மூலைக்கும் இலாஸ்டிக் வேணும். மெத்தைக்கு அடியில போய்ப் பிடிக்கோணும். புள்ள உருண்டாலும் ஒரு மூல கழரப்படாது."

"வரம்புக்கு மண் அணைக்கிற ஆள் கேக்கிற கேள்வி" என்று சிரித்தபடி அவர் அளவு எழுதினார்.

அது முழு மெத்தைக்குமான உறை அல்ல. தங்கையின் நெஞ்சுக்குக் கீழே வரும் பகுதிக்கு மட்டும். அதற்கு மேல் அப்பா தமது பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகுவார். தினமும் படுக்குமுன் நான்கு மூலையையும் இழுத்துப் பார்ப்பார். தேநீரோ கஞ்சியோ சிந்தினால் தேய்க்க விடமாட்டார். காய்ந்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுப்பார். மெத்தையை வாரத்தில் ஒரு நாள் வெயிலில் இரண்டு பக்கமும் காய வைத்து, நடுவில் கையை வைத்து ஈரமில்லை என்று கண்ட பிறகே உள்ளே கொண்டுவருவார். மாரி மழையில் துணி காயப்போட அடுப்படிக் குசினிக்குள் கயிறு கட்டினார்.

என்னை இன்றும் திகைக்க வைப்பது இதுவல்ல. நனைந்த துணியை அப்பா வேறு யாருடைய கையிலும் கொடுக்கவில்லை. விடியும் வெள்ளாப்பில், வட்டைக்குப் போகுமுன், கிணற்றடியில் தாமே கழுவினார். றப்பர் சீலையைத் துடைத்து நிழலில் தொங்கவிட்டார். கழுவிய வேட்டித் துணியைக் கொடியில் தாம் உடுக்கும் இரண்டு சாரங்களுக்கு நடுவில் போட்டார். சில நாட்களில் துணி நனைந்திருக்கவில்லை. அந்த நாட்களிலும் கழுவினார். காரணம் புரியாமல் ஒருநாள் நான் கேட்டேன்.

"இண்டைக்கு அவ பெய்யல்லயே, ஏன் கழுவுறீங்க?"

"நனைஞ்ச நாளில மட்டும் கொடியில துணி கிடந்தா, பாக்கிறவன் எண்ணிப் பாப்பான் மகள். ஒவ்வொரு நாளும் கிடந்தா எண்ணேலா."

நான் அப்போதே திகதி குறிக்கும் பழக்கமுள்ளவள். சுவர்க் கலண்டரில் தங்கை நனைத்த நாட்களுக்கு மேல் சிறிய புள்ளி வைத்துவந்தேன். அப்பா அதைக் கண்டுபிடித்தார். கோபிக்கவில்லை. "இது அவட கணக்கு. நாம வச்சிருக்கப்படாது" என்று சொல்லி, கலண்டரைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை மாட்டினார்.

அம்மா மூன்றாவது மாரிக்கு முன் திரும்பி வந்தார். தங்கை படுக்கையை நனைப்பது சின்னம்மாவின் கடிதங்களால் அவருக்குத் தெரிந்திருந்தது. பயணப் பையை வைத்த கையோடு மெத்தையை மோந்து பார்த்தார்; திருப்பியும் பார்த்தார். ஒரு கறை இல்லை. அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"புள்ளைக்கு அது எப்ப நிண்ட?"

"எது?" என்றார் அப்பா.

அம்மா மெத்தையைப் பழையபடி விரித்தார். பிறகு கேட்கவில்லை.

அதன்பின் அப்பா முப்பது போகங்களுக்கு மேல் விதைத்தார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். பேரப்பிள்ளைகள் மூவரைக் கண்டார். சென்ற ஆண்டு அறுவடை முடிந்த வாரத்தில் நெஞ்சு வலியென்று சொல்லி, ஆஸ்பத்திரியில் மூன்று நாட்கள் மட்டும் இருந்து எங்களை விட்டுப் போனார்.

அந்த மூன்று நாட்களும் அருகிலிருந்த தாதியர்க்கும், வாகனம் தந்த அயலவர்க்கும், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் கிரியைகளில் சமையலைப் பொறுப்பேற்ற சின்னம்மா குடும்பத்தினருக்கும் எங்கள் வணக்கம். துக்கம் விசாரிக்க வாவி கடந்து வந்த அந்தத் தையற்காரர், மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் அப்பா பலமுறை அளவு கொண்டுவந்ததாகச் சொன்னார். எந்த வீடுகள் என்று அவரிடமும் அப்பா சொல்லியிருக்கவில்லை. அந்த வீட்டார் இதை வாசித்தால், அவர்களுக்கும் எங்கள் அன்பு.

இக்கட்டுரைக்காக நான் தேடியவற்றுள் ஒன்று மட்டும் உறுதிப்படவில்லை. தங்கை கடைசியாகப் படுக்கையை நனைத்தது எந்த நாள் என்பதை அம்மாவிடம் கேட்டேன், சின்னம்மாவிடம் கேட்டேன், தங்கையிடமும் கேட்டேன். மூவருக்கும் தெரியவில்லை. அந்த நாளுக்கு முதல் நாளும் மறுநாளும் கொடியில் அதே மூன்று துணிகள்தான் காய்ந்திருக்கும்.