பாட்டு டீச்சரின் வால்வு பெட்டி

ஒன்பது வயதுவரை என் மாமாவை நான்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதில் என் குற்றம் ஒன்றுமில்லை. பாம்பனில் எங்கள் தெருவில் நான் தண்ணீருக்குப் போனாலும் மீனுக்குப் போனாலும், "மாமன் பொண்டாட்டி வாரா, வழி விடுங்க" என்பார்கள். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் தாய்மாமனைக் கட்டுகிற வழக்கம் இல்லை என்பதை, கேலி செய்தவர்களில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டு முன்னறையில் ரேடியோவும் மைக் செட்டும் ரிப்பேர் செய்துவந்தார். கடலுக்குப் போகாத ஆம்பிளை என்று ஊருக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டு. கோயில் மைக் கரகரத்தால் மட்டும் திடீரென்று மரியாதை முளைக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, வேலைக்கு நடுவே அவர் முனகுவதையெல்லாம் கேட்கிற உரிமை எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. ஒரு நாள் வந்து பார்த்தால் அந்த முக்காலியில் பாட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

கன்னியர் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர் அவர். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பார். அந்தக் குழுவுக்கு யாரோ தானமாகக் கொடுத்த ஆம்ப்ளிஃபயரைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சீமைப் பெட்டி ஒன்றைப் பார்த்து மதுரையில் யாரோ அச்சு அசலாகச் செய்த காப்பி. உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். உப்புக்காற்று பட்டுத் துருவேறி, கிட்டாரைத் தொடுவதற்கு முன்பே விசைப்படகு கிளம்புவது போல உறுமியது.

மூன்று நாள் வேலை என்றார் மாமா. மூன்று வாரமாயிற்று.

வால்வுகளின் கால்களை உப்புத்தாளால் தேய்த்தார். பழைய கண்டென்சர்களைக் கழற்றிப் புதிது போட்டார். உறுமல் நின்றது. அத்தோடு விட வேண்டியதுதானே? டீச்சரின் மெல்லிய வாசிப்புக்கு ஓசை கனமாக இருக்கிறதாம். அதற்காகப் புதிதாக ஒரு குமிழ் வைத்தார். சீமைப் பெட்டியிலேயே அப்படி ஒரு குமிழ் கிடையாது என்று அம்மாவிடம் பெருமை வேறு. டீச்சர் தினமும் சாயங்காலம் வந்து நான்கு கம்பியை மீட்டிப் பார்த்து, "இப்ப கொஞ்சம் கூர்மையா இருக்கோ?" என்பார். மாமா உடனே மறுபடி ஈயம் பற்றவைக்க உட்கார்ந்துவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

நான் அந்தப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாலே, "கிட்ட வராத தாயி. ஆஃப் பண்ணுனாலும் உள்ள கரண்டு உக்காந்திருக்கும்" என்று விரட்டுவார். அதே பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பிடிக்க டீச்சரை விட்டார். இரண்டு தலையும் உள்ளே குனிந்திருப்பதை வாசலில் நின்று பார்த்தேன். டீச்சருக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று அன்று ராத்திரி ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

காய்ச்சல் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலம் டீச்சர் கடைசியாக வாசித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துப்போவதாக இருந்தது. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது மாமா அடுப்படியில் இருந்தார். பெட்டியின் முதுகு திறந்து கிடந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களையும் பிடுங்கிவிட்டேன். ஓசை வராது, டீச்சர் உதட்டைப் பிதுக்கிவிட்டு ராமேஸ்வரத்தில் வேறு ஆளைத் தேடிப் போவார் என்பதுதான் என் திட்டம். மாமாவின் பெயர் கெடுமே என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்க்காமல் மாமா சுவிட்சைத் தொட்டு நான் பார்த்ததே கிடையாது. அன்று தொட்டார். கை சுவிட்சில் இருந்தது, கண் டீச்சர் மேல் இருந்தது. டீச்சர் கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தார்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. டீச்சர் மீட்டினார். ஓசை இல்லை. மாமா குமிழை முழுக்கத் திருப்பி, "நல்லா பலமா அடிங்க டீச்சர்" என்றார். டீச்சர் ஓங்கி அடித்தார். பெட்டிக்குள்ளிருந்து கொசு பாடுவதுபோலச் சன்னமாக அதே ராகம் கேட்டது. அடுத்து 'சட்'டென்று ஒரு பொறி, புகை, ரப்பர் எரிகிற நாற்றம். டிரான்ஸ்பார்மர் கருகிப்போனது. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டை முடுக்கினால் அப்படித்தான் ஆகும் என்பது எனக்குத் தெரியாது.

மாமா பெட்டியைத் திருப்பினார். தொங்கிக்கொண்டிருந்த வயர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பழைய டிரான்ஸ்பார்மர் டீச்சர், தாங்கல" என்றார் மாமா. "மதுரைக்குக் கொண்டுபோயிப் புதுக் கம்பி சுத்திட்டு வரணும். நாளைக்கே போறேன்."

"நாளைக்குக் காலை வண்டியா? நானும் சனிக்கிழமை தவறாம அதுலதான் ராமநாதபுரம் போறேன், வீட்டுக்கு" என்றார் டீச்சர்.

அவர் போனபிறகாவது அடி விழும் என்று காத்திருந்தேன். மாமாவோ வயர்களைச் சுருட்டி வைத்துவிட்டுச் சட்டையைத் தேய்க்க உட்கார்ந்தார். காட்டிக்கொடுக்காததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நான் முடிவு செய்தேன்: டீச்சர் வந்துபோவது அவருக்கும் பிடிக்கவில்லை, பாவம், வாய் திறந்து சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார்.

பாம்பனுக்கு ரோடு பாலம் வராத காலம் அது; எங்கே போவதானாலும் ரயில்தான். மறுநாள் வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். டிரான்ஸ்பார்மரை ஓலைக் கொட்டானில் வைத்து மடியில் வைத்துக்கொண்டார் மாமா. எதிர் சீட்டில் டீச்சர். எனக்குக் கவலையே இல்லை. பெட்டி செத்துக் கிடக்கிறது, இனி எங்கள் வீட்டில் டீச்சருக்கு என்ன வேலை?

"ஒரே வாட்டியில முடிஞ்சுருமா மாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"எங்குட்டு முடியும்? அஞ்சாறு சனிக்கிழமை அலைய வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விட்டார்.

பரிதாபமாக இருந்தது. "அவசரமில்ல மாமா, மெதுவாவே போயிட்டு வாங்க" என்று ஆறுதல் சொன்னேன். டீச்சர் ஏனோ கையால் வாயை மூடிக்கொண்டார். வண்டி பாலத்தில் ஏறி மறையும்வரை சந்தோஷமாகக் கையசைத்தேன்.

அடுத்த வருஷம் வைகாசியில் கோயிலில் அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் பூத்தட்டோடு நடக்க என்னை நிறுத்தினார்கள். மாமா குனிந்து என் காதில், "எல்லாம் உன்னாலதான் தாயி" என்றார். இத்தனை நாள் பொறுத்துவிட்டு, இத்தனை பேருக்கு நடுவில் திட்டுகிறாரே என்று, பீடம்வரை அழுதுகொண்டே நடந்தேன்.