மோளிக்குட்டி சொன்ன நாலாவது பெயர்

மோளிக்குட்டி சேச்சி பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்தில் சேர்ந்ததே தற்செயல்தான். பிளஸ் டூ படிக்கும் மகன் ஜெரினின் மார்க்கைக் கேட்கப் போனவரை, கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று பிடித்து உட்காரவைத்தார்கள். திரும்பி வரும்போது கமிட்டி மெம்பராகியிருந்தார்.

"மார்க் கேக்கப் போனேன், தலைவலிய கட்டிக் குடுத்து அனுப்பிட்டானுங்க" என்று ரேஷன் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டே சலித்துக்கொண்டார். அவர் கடைக்கு எதிரில்தான் என் ஜெராக்ஸ் கடை. கேரளத்தில் பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கடைத்தெரு அத்தனை சின்னது. அவர் அரிசி நிறுத்துக்கொண்டே திட்டுவது எனக்கு வரி பிசகாமல் கேட்கும்.

அந்த வருஷம் அவர் திட்டியதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான். பிளஸ் ஒன்னில் புதிதாகச் சேர்ந்த பையன்களைப் பெரிய பையன்கள் படுத்திய பாடு. சட்டை பட்டனைக் கழுத்துவரை போட வேண்டும், ஷூ போடக் கூடாது, மீசை அரும்பினால் வழிக்க வேண்டும். மீறினால் கழிவறைக்குப் பின்னால் அடி. சேச்சி இதைக் கூட்டத்தில் எடுத்தார். பிரின்சிபால் ஈப்பன் சார் சிரித்தார்.

"பசங்க விளையாட்டு மோளிக்குட்டி. நாங்கல்லாம் படிச்ச காலத்துல இல்லாததா?"

"அடி வாங்கினவன் யாராவது இத விளையாட்டுன்னு சொன்னானா சார்? சாப்பாட்டு நேரத்துல ஒரு வாத்தியார அங்க நிக்கச் சொல்லுங்க. போதும்."

வாத்தியார்களுக்கு அது சாப்பிடும் நேரமாம். சேச்சிக்கு வந்ததே கோபம். ரேஷன் கடை மத்தியானம் மூடிக் கிடக்குமே என்று, குடையை எடுத்துக்கொண்டு தானே போய் அங்கே நிற்க ஆரம்பித்தார். பையன்கள் "புழுங்கலரிசி வந்தாச்சு டேய்!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். ஜெரின் அவமானத்தில் செத்தான். வீட்டில் அவன் அப்பா சாக்கோச்சனும், "உனக்கு வேற வேலையில்லையா?" என்றார்.

கழிவறைப் பக்கம் அடிதடி நின்றது. நின்று என்ன பயன்? எல்லாம் அப்படியே பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கு இடம் மாறியது. "ஒரு ஓட்டைய அடைச்சா இன்னொன்னு திறக்குது! நான் என்ன, நாலு துண்டா நிக்கவா?" என்று என்னிடம் கத்தினார், ஏதோ நான்தான் திறந்துவிட்டதுபோல.

அங்கேதான் ஆதில் அடி வாங்கினான். சேச்சி கடையில் ரேஷன் வாங்கும் ரம்லத்தின் மகன், பிளஸ் ஒன். ஷூ போட்டு வந்தான் என்று காதோடு சேர்த்து அறைந்ததில் செவிப்பறை கிழிந்துவிட்டது. அடுத்த வாரம் ரம்லத்து மண்ணெண்ணெய் வாங்க வந்தபோது சேச்சி அவளை விடவில்லை.

"பேரச் சொல்லு ரம்லத்தே. எவன் எவன்னு சொல்லு. நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம் சேச்சி. விட்ருங்க."

"விடறதா? உன்ன மாதிரி ஆளுங்க வாயப் பொத்திக்கிட்டு இருக்கறதாலதான் அவனுங்க ஆடறானுங்க! பிள்ளைக்குக் காது போச்சு, உனக்கு வாயும் போச்சா?"

ரம்லத்து கேனைக் கீழே வைத்தாள். "உங்க மகனும் இருந்தான் சேச்சி. நான் எந்த வாயால சொல்ல?"

வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். சேச்சி அளந்துகொண்டிருந்த மண்ணெண்ணெயை அளந்து முடித்து, கேனை மூடிக் கொடுத்தார். ஷட்டரை இறக்கியவர் அன்று பிறகு கடையைத் திறக்கவில்லை.

மறுநாள் அவரே வந்து சொன்னார். ஜெரின் மறுக்கவில்லையாம்.

"'நான் அடிக்கல அம்மே, சும்மா பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன்'ங்கறான். எதப் பிடிச்சேடான்னு கேட்டேன். அவன் கையையாம். பின்னால முறுக்கி." சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விவரம் வந்து பள்ளிக்கூடத்தில் அதற்குள் விசாரணை தொடங்கியிருந்தது. அவர் பிரின்சிபாலிடம் போனபோது ஈப்பன் சார் வெகு பிரியமாகப் பேசினாராம். "மூணு பேர்தான் கேஸ்ல இருக்காங்க. ஜெரின் பேர் எங்கேயும் வரல. வராது. நீங்க நம்ம கமிட்டி ஆள்."

"அப்ப நான் சொல்றேன். நாலாவது ஜெரின் சாக்கோ. போலீசுக்கு அனுப்பும்போது அதையும் சேத்து அனுப்புங்க."

"பரீட்சை வருஷம் மோளிக்குட்டி!"

"ஆதிலுக்கும் காது ரெண்டுதான் சார் இருந்தது!"

நாலு பேரும் சஸ்பெண்ட் ஆனார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்தார்கள். விஷயத்தைப் பேசி முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூன்று அப்பாக்களும் சேச்சி கடைமுன் வந்து, "பெத்த மகனையே காட்டிக் குடுத்தவ" என்று ஏசிவிட்டுப் போனார்கள். சாக்கோச்சன் வீட்டில் பேச்சை நிறுத்தினார். மன்னிப்புக் கேட்க சேச்சி ஜெரினை இழுத்துக்கொண்டு போனபோது ஆதில் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ரம்லத்து வாசலிலேயே நின்று, "கேட்டாச்சுல்ல, போங்க" என்றாள். ஆதில் பிறகு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டான். எங்கள் பள்ளியில் இப்போது சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாத்தியார் நிற்கிறார். அதற்கு ஒரு காது கிழிய வேண்டியிருந்தது.

பரீட்சை முடிந்த சமயத்தில் ஜெரின் அம்மாவிடம் ஒன்று சொன்னான். சேச்சி அதை என்னிடம் சொல்லும்போது திட்டக்கூட இல்லை. பிளஸ் ஒன்னில் அவனையும் இதேபோல் பிடித்து நிறுத்தி அடித்திருக்கிறார்கள், பல நாள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். விரல் ரேகை மிஷின் வேலை செய்யலன்னு நீ கஸ்டமர்கிட்ட கத்திட்டிருந்த. பப்பாகிட்ட சொன்னேன். ஆம்பளையா இருடான்னார்."

சேச்சிக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லையாம். ஹாலில் சாக்கோச்சன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சேச்சி போய் டிவியை அணைத்துவிட்டு, மகனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அவர் எதிரில் உட்காரவைத்தார்.

"இப்ப எங்கிட்ட சொன்னியே, அத மொதல்லேர்ந்து சொல்லு. இவர் முழுசா கேட்டு முடிக்கறவரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."