கேமனுக்கு வார்த்த சுடுதண்ணீர்

எழுபதுகளில் ஒரு குளிர்காலம். மெல்பேர்னில் எங்கள் வாடகை வீட்டுக் குளியல் தொட்டியில் ஒரு கேமன் கிடந்தது. தென்னமெரிக்காவின் சிறு முதலை. என் கை நீளம் வரும். வார இறுதிகளில் நான் கூடு கழுவப் போகும் ஊர்வனப் பண்ணையில் சூடேற்றும் கருவி பழுதாகிவிட்டது. திங்கட்கிழமை வரை இதை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நானே துள்ளிக்கொண்டு வாங்கி வந்தேன்.

நூலகத்தில் படித்திருந்தேன்: மெல்ல நகரும் நன்னீர், மிதக்கும் செடிகள், வெயில் காயச் சேற்றுக்கரை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சூடு. சூடு குறைந்தால் இரை செரிக்காது, அசைவு போகும், பிறகு உயிரும் போகும். எங்களிடம் இருந்ததோ நாலு கால் வைத்த வெள்ளைத் தொட்டியும் ஜன்னல் இடுக்குக் காற்றும்தான். சனிக்கிழமை காலை அது கண்ணே திறக்கவில்லை. வீட்டிலிருந்த சுடுதண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் திறந்துவிட்டேன்.

சனிக்கிழமை என்றால் அதே வீட்டில் என்னோடு குடியிருக்கும் அண்ணைக்கு எண்ணெய் முழுக்கு. உச்சி முதல் கால்வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து நின்றார்.

"சுடுதண்ணி எங்கயடா?"

"தொட்டிக்குள்ள, அண்ணை."

"முதலைக்குச் சுடுதண்ணி, எனக்குப் பச்சைத்தண்ணியோ? இது செத்துப் போச்சு. எடுத்து வாளிக்குள்ள போடுறன்."

"சூடேறினா எழும்பும் அண்ணை! தொடாதேங்கோ!"

அதற்குள் தூக்கிவிட்டார். கண் திறந்தது. எண்ணெய்க் கையில் பிடி நிற்கவில்லை. அது வழுவி விழுந்து தொட்டிக்கு அடியில் இருட்டுக்குள் போனது. அண்ணையும் வழுக்கி, கதவோடு சாய்ந்து விழுந்தார். வெறுங்கால் அந்த இருட்டுக்கு நேரே. உள்ளே சீறல்.

"அசையாதேங்கோ."

"அசைய ஏலாதடா, வழுக்குது."

விடிந்ததிலிருந்து அறையில் சேர்த்த சூடு. குளிர்ந்தால்தான் அது அடங்கும், வேறு வழி தெரியவில்லை. ஜன்னலை முழுக்கத் திறந்தேன். காற்று வெட்டியது. அண்ணையின் பல் கிட்டியது. சீறல் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. அண்ணை காலை இழுத்து, கதவைத் திறந்து வெளியே தவழ்ந்தார்.

துவாயால் சுற்றி அதை எடுத்தேன். கல்லாய்க் குளிர்ந்திருந்தது. தொட்டித் தண்ணீரும் ஆறிவிட்டது.

குசினியில் தண்ணீர் கொதிக்கவைத்து அண்ணை கேத்தலோடு வந்தார், வாசற்படியைத் தாண்டவில்லை. "முதல் அதுக்கு வார்."

அதைத் தொட்டிக்குள் விட்டு, ஓரமாக ஊற்றி ஊற்றிக் கலக்கினேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கண் மட்டும் திறந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டியவன் நான்தான். என் கைதான் முதலில் பின்வாங்கியது.