ஐந்துக்குப் பழகிய கால்கள்

துறைமுகத்தில் எனக்கு மூட்டை எண்ணும் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. பத்தொன்பது வருடம் அப்படி எண்ணினால் உடம்பே ஐந்துக்குப் பழகிவிடும். அது எவ்வளவு பெரிய கேடு என்பது, ஊழியர் மன்றம் சோடி நடனப் போட்டி வைத்தபோதுதான் தெரிந்தது.

என் மனைவி பறங்கியர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள். அவர்களுடைய வால்ட்ஸ் என்ற சோடி நடனம் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே வரும். கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

"சண்டை எப்ப முடியும் எண்டு ஆருக்குத் தெரியும்? ஒருக்கா உங்களோட மேடையில ஆடிப்போட வேணும்" என்றாள்.

யுத்த காலம்; மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. நான் வேலை விட்டு வந்தபின் இருட்டுவதற்குள் ஐம்பது நிமிடம்தான் கிடைக்கும். ஆறு கதிரைகளையும் குசினிக்குள் அடுக்கிவிட்டு ஆடுவோம். பாட்டுப்பெட்டிக்குப் பற்றரி கிடைக்காததால் அவளே முணுமுணுப்பாள்.

வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை. நானோ ஐந்தாவது அடியில் வலது காலைக் குறுக்கே போட்டேன். முதல் நாள் அவள் காலில் பதினொரு மிதி. தரையில் கட்டம் கீறித் தந்தாள், கட்டங்களை எண்ணினேன். வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஆடச் சொன்னாள், மனதுக்குள் எண்ணினேன். எட்டாம் நாள், விலகிவிடலாம் என்றேன். அவள் கதிரைகளைத் திரும்ப எடுத்து வைக்கத் தொடங்கினாள். நான்காவது கதிரைக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கும் ஆடுவம்" என்றேன்.

மறுநாள் கோபத்தோடு வந்தேன். சோதனைச்சாவடியில் என் குடையை மூன்று தடவை விரித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஆடியபடியே அதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் "பிறகு?" "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே சுழன்றாள். நான் சொல்லி முடித்ததும் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்காக்கூட மிதிக்கேல்லை."

குறை சொல்லும்போது நான் எண்ணுவதில்லை; அன்றிலிருந்து பயிற்சி என்றால் முறைப்பாடுதான். மேலதிகாரி, நுளம்புக்கடி, பஸ் என்று தினமும் ஒரு விஷயத்தை அவள் தயாராக வைத்திருப்பாள்.

ஊரடங்கு காரணமாகப் போட்டியைப் பிற்பகல் மூன்று மணிக்கே வைத்தார்கள். ஏழு சோடிகள். மேலதிகாரியைப் பற்றித் தொடங்கினேன். பாதிப் பாட்டில் குறைகள் தீர்ந்துவிட்டன. கால் நான்கு வரை எண்ணிவிட்டது. அவள் என் காதருகே நெருங்கினாள்.

"உங்கட குடையைத் துலைச்சுப்போட்டன்."

மிச்சப் பாட்டு முழுவதும் அவளை ஏசிக்கொண்டே ஆடினேன். கால் எங்கே போனதென்றே தெரியாது. எங்களுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. இவ்வளவு அன்னியோன்னியமாகக் கதைத்துக்கொண்டு ஆடிய சோடி வேறில்லை என்று நடுவர் சொன்னார். அவள் கண் கலங்கும்வரை சிரித்தாள்.

குடை, வரும்போது அவள் வைத்த இடத்திலேயே, மண்டபக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. விரித்துக் கம்பிகளை எண்ணினேன். எட்டும் இருந்தன.