இந்துமதி டீச்சரும் மாறிப்போன கேபிள்களும்

பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில், பழைய மாணவி ஒருத்தி கேரி தீவிலிருந்து அழைத்தாள். "இந்துமதி டீச்சர் தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றாள். பதினான்கு ஆண்டுகள் ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற கோபம்தான் முதலில் வந்தது, அழுகை பிறகுதான். இதை வாசிக்கும் நீங்கள் எங்கள் இருவரையும் அறிந்தவர்கள், உங்களிடம் ஒளிப்பானேன்? அவர்மேல் எனக்கு எப்போதும் பொறாமை.

கிள்ளானில் அவர் வீட்டு வாசலிலிருந்து சாலை வரை முன்னாள் மாணவர்கள் நின்றார்கள். நான் இறந்துபோனால் இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயே நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நினைத்தேன்.

எங்கள் பள்ளிக்கு நிரல் எழுதி இயக்கும் கட்டைகள் வந்தபோது பயிற்சிக்குப் போனவள் நான். கட்டைகளோடு மோட்டாரைப் பூட்டி, டேப்லெட்டில் கட்டளைகளை அடுக்கினால் ஓடும் ரோபோக்கள். அலமாரிச் சாவியும் என்னிடம்தான். ஒரு துண்டு தொலைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் ரோபோவை நானே கட்டி முடித்து, பிள்ளைகளை விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பேன். அதிகாரிகள் வந்தால் மணிமணியாகச் சொல்வார்கள்.

இந்துமதி டீச்சர் எந்தப் பயிற்சிக்கும் போகாதவர். பெட்டியைப் பிள்ளைகள் நடுவே கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "நான் தொட்டா அது என் ரோபோ. நீங்களே செய்யுங்க," என்பார். ரோபோ சுவரில் முட்டினால் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். என் குழுப் பிள்ளைகள் சன்னல் வழியாக அந்த வகுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு குழுதான் போகலாம். அவர் குழுவா, என் குழுவா என்று தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. வியாழன் மாலை அலமாரியைப் பூட்டுவதற்கு முன், அவர் குழு ரோபோவின் இடது, வலது மோட்டார் கேபிள்களை மாற்றிச் செருகினேன். ஆம், நான்தான்.

மறுநாள் அது இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி மேசை விளிம்புக்குப் போனது. அவர் குழுவின் ஐந்தாம் ஆண்டு மாணவி லோகேஸ்வரி அதைப் பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தாள். "ரெண்டு கேபிளும் மாறிப் போச்சு டீச்சர்," என்றாள். சரியாகச் செருகினாள், ஓடியது. அடுத்து என் குழு. பாதி வழியில் சக்கரம் ஒன்று கழன்றது. நான்கு பிள்ளைகளும் ரோபோவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "இது டீச்சர் கட்டினது," என்றான் ஒருவன் மெதுவாக.

அவர் குழுவே தேர்வாகி, எல்லாரும் போன பிறகு இந்துமதி டீச்சர் அலமாரிப் பக்கம் வந்தார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த வாரமும் எதையாச்சும் மாத்தி வச்சிருங்க டீச்சர். பிள்ளைங்களுக்கு நல்ல பயிற்சி லா," என்றார். அது குத்தலா, மன்னிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நானும் வாராவாரம் மாற்றி வைத்தேன். அவர் பிள்ளைகள் ஒரு நாளாவது திணற வேண்டும் என்ற வன்மத்தில்தான் தொடங்கினேன். அதற்காகவே நிரலை ஒழுங்காகக் கற்றேன். அவர்கள் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க இன்னும் கடினமாக்கினேன். கடைசியில் என் குழுவையும் அவர் வகுப்பிலேயே உட்கார வைத்தேன். சுங்கை பூலோவிலிருந்துகூட ஆசிரியர்கள் வந்து பார்த்தார்கள். யாருடைய யோசனை என்று கேட்டால் இந்துமதி டீச்சர் என்னைக் கைகாட்டுவார். "அவங்கதான் ஆரம்பிச்சு வச்சாங்க," என்பார். அதில் பொய் இல்லை. நானும் தலையாட்டிப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியரும் அந்தப் பயிற்சிக்காக என்னைப் புகழ்ந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அது யோசனை இல்லை, பொறாமை. நான் செய்த கெட்ட காரியத்தை எடுத்து, எனக்கே நல்ல பெயராகத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

அந்த நல்ல பெயரை இன்று உங்களிடமே தந்துவிட்டேன், இந்துமதி டீச்சர். பொறாமையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், அன்றைக்கே தலைமையாசிரியரிடம் புகாரோடு போயிருப்பேன்.