வாளித் தண்ணீரை மாற்றிய நாள்

அந்த மனுஷன் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எர்ணாகுளத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். தற்காலிக உதவியாளர். அங்கே ஒரு இயந்திரம் செராமிக் குழம்பை இடியாப்பம்போல் அடுக்கடுக்காகப் பிழிந்து சின்னக் குப்பிகள் கட்டும். சுட்டெடுத்த குப்பியை மறுபடி உலையில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடுவது என் வேலை. பிறகு மை தடவினால் விரிசல் தெரியும். தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் சோதனை; அதனால் ஒவ்வொரு குப்பிக்கும் வாளித் தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது விதி.

நான் மாற்றினேன். எல்லாம் அடுக்குக்கு நடுவே விரிந்தன; இயந்திரம் பிழிந்த அடுக்குகள் சரியாக ஒட்டவில்லை. இயந்திரத்துக்குப் பொறுப்பான சார் நேரே தலைவி மேடத்திடம் போய், "ஈ பாண்டிக்கு இடுக்கி பிடிக்கான் அறியில்லா மேடம்" என்றார். எனக்கு இடுக்கி பிடிக்கத் தெரியாதாம். பாண்டி; தமிழர்களை மட்டம்தட்ட அங்கே அதுதான் சொல். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அன்றோடு நின்றது. அந்த வேலையை நம்பித்தான் எங்கள் வீடு இருந்தது.

பிறகு அவரே சோதித்தார். தண்ணீர் தூக்கச் சோம்பல். பத்துக் குப்பிகளையும் ஒவ்வொன்றாக ஒரே வாளியில் போட்டார். முதல் இரண்டு விரிந்தன. என் கை பட்டவை என்று அவற்றைத் தூக்கி எறிந்தார். அதற்குள் வாளியில் ஆவி பறந்தது. வெந்நீரில் விழுந்த மிச்சம் எட்டும் தேறின. எட்டுக்கு எட்டும் தேறியதாக அறிக்கையில் எழுதினார். இரு, உனக்கு இருக்கு என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்தக் குப்பிகளை வாங்க விரும்பிய கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்த அன்று, அவர் வெள்ளைக் கோட்டோடு பேச நின்றார். இடுக்கி என் கையில். காலையிலேயே ஆறு வாளி நிரப்பி வைத்திருந்தேன். தெருக்குழாயில் குடத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு ஆறு வாளி ஒரு பாரமா?

முதல் குப்பி டிக்கென்றது. இரண்டாவதும். மூன்றாவது பிளந்தே போனது.

"வெள்ளம் எந்தினாடீ மாத்துன்னே?" என்று, தண்ணீரை ஏன் மாற்றுகிறாய் என்று, பல்லைக் கடித்தார்.

மேடத்தின் காதில் விழுந்துவிட்டது. "அப்போ நீங்க தண்ணீரை மாத்தலையா?"

நான் இடுக்கியை அவரிடம் நீட்டினேன். "நீங்க பிடிச்சுக் காட்டுங்க சார். எனக்குத்தான் அறியில்லியே."

எல்லோரும் பார்க்க அவர் நாலாவதைப் புதுத் தண்ணீரில் போட்டார். அதுவும் விரிந்தது.

திட்டத்தையே மூடிவிட்டார்கள். அவரோடு என் வேலையும் போனது.

"அவன வீழ்த்தி உனக்கென்னடீ கிட்டிச்சு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இடுக்கி அவன் கையில இருந்தப்பவும் குப்பி விரிஞ்சுச்சும்மா," என்றேன். "நான் கண்ணால பார்த்தேன்."