கற்பூரம் கொளுத்தியதும் கழன்ற சப்பாத்துகள்

காலை பத்து நாற்பதுக்கு என் கணவர் சப்பாத்தைக் கழற்றினார். அவர் மட்டுமா? நானும் கழற்றினேன், என் தம்பியும் கழற்றினான். ஒரு வாரமாக "கழற்றாதேங்கோ, கழற்றாதேங்கோ" என்று எங்கள் உயிரை எடுத்த மகளும் கழற்றினாள்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நாங்கள் எடுத்த பலசரக்குக் கடை அப்போது பாதி வேலையில் நின்றது. முன்பு இருந்தவர் தரை முழுவதும் கம்பளம் விரித்திருந்தார். அதை உரித்து எடுத்தாயிற்று. ஆனால் கம்பளத்தை இழுத்துப் பிடிக்கச் சுவரோரம் அடித்திருந்த மெல்லிய பலகைத் துண்டுகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றிலும் மீன் பல் மாதிரி ஆணி முனைகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. தரை வேலை முடியவில்லை, நல்ல நேரம் மட்டும் வந்துவிட்டது. ஐயர் குறித்துத் தந்த நேரத்தில் பால் காய்ச்சியே ஆக வேண்டும்.

என் மகளுக்குக் கட்டட வேலைத் தளங்களில் பாதுகாப்புப் பார்க்கும் உத்தியோகம். கடைப் பூட்டின் திறப்பு கைக்கு வந்த அன்றே எங்கள் எல்லோருக்கும் பாதுகாப்புச் சப்பாத்து வாங்கி வந்துவிட்டாள். விரலுக்கு மேலே இரும்புக் கவசம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அடியிலும் ஒன்று வேண்டும் என்பதைத்தான் ஒருவரும் நினைப்பதில்லை என்று பாதி பிரெஞ்சில் வகுப்பு எடுத்தாள். அடிக்குள் துணி அடுக்கு வைத்த சப்பாத்தும் உண்டாம். பாரம் குறைவு, நன்றாக வளையும், ஆனால் மெல்லிய ஆணி சிலவேளை நெசவுக்குள் புகுந்துவிடுமாம். அதனால் எங்களுக்கு உருக்குத் தகடு.

என் தம்பி போட்டு நடந்து பார்த்துவிட்டு, "அத்தான், இதோடை மெத்ரோவிலை ஏறினா ரயில் ஒரு பக்கம் சரியும்" என்றான்.

என் கணவருக்குப் பாரம் பிரச்சினை இல்லை. பிள்ளையார்தான் பிரச்சினை.

"சாமிப் படத்துக்கு முன்னாலை சப்பாத்தோடை நிண்டு பால் காய்ச்சிறதோ? ஆரும் கண்டால் சிரிப்பினம்."

"அப்பா, பிள்ளையார் எலியிலை போறவர். அவருக்கு ஆணி குத்தாது. உங்களுக்குக் குத்தும்."

"பிரெஞ்சுக்காரி மாதிரிக் கதைக்கிறாய்."

"நான் பிரெஞ்சுக்காரிதானே!"

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கு வெகுகாலமாகச் சீனி வருத்தம். பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒரு சின்னக் காயத்தாலும் காலே போகலாம் என்று வைத்தியர் அவரை வைத்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் அவருடைய பாதங்களைத் திருப்பிப் பார்ப்பது என் வேலை. "பொலிஸ் விசா பாக்கிற மாதிரி" என்பார்.

கடைசியில் சமாதானம் ஆயிற்று. கடை நடுவே புதுப் பலகை விரித்து, அடுப்பையும் படத்தையும் அதில் வைப்பது, சப்பாத்து காலிலேயே இருப்பது. அவரும் மனமார "ஓம்" என்றார்.

பாலை அடுப்பில் வைத்தோம். நான் கற்பூரம் கொளுத்தினேன். அவ்வளவுதான். ஒருவரும் யோசிக்கவில்லை. எட்டுக் கால்களும் தாமாகவே வெளியே வந்தன. மகள் குனிந்து நாடாவை அவிழ்த்ததை நானே பார்த்தேன். எனக்கும் அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

பால் பொங்கியது. வழிகிற பாலுக்கு இடம்விட்டு அவர் பின்னால் நகர்ந்தார், சுவர் வரைக்கும். பிறகு சிரித்தபடி படத்துக்கு முன்னால் வந்து கும்பிட்டுவிட்டுக் கீழே பார்த்தார்.

"ஆரப்பா குங்குமத்தைக் கொட்டினது?"

அவர் நடந்து வந்த வழியெல்லாம் குங்குமம் கொட்டியிருந்தது.

மகள்தான் முதலில் விளங்கிக்கொண்டாள். அவரை இருத்திப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு துளைகள். ஒன்று மேலோட்டம், மற்றது ஆழம்.

"நோகுதோ அப்பா?"

"இல்லையே" என்றார், பரீட்சையில் பாஸானவர் போல.

பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஊசி போட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு இருக்கச் சொன்னார்கள். மகள் கண் கலங்குவதை அவர் கண்டுவிட்டார்.

"விடு பிள்ளை. பால் கிழக்குப் பக்கமாத்தான் வழிஞ்சது. கடை நல்லா ஓடும்."

"முதல்லை நீங்கள் ஓட வேணும் அப்பா."

தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். நான் பிள்ளையாரிடம், கடை ஓடாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கால் நடந்தால் போதும் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் போதெல்லாம் எழும்பினேன். வேறு யாருடையவோ பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி இருந்தேன்.

ஒருவழியாக வைத்தியர் வந்தார். இளம் பெண். கடை வேலையில் ஆணி குத்தியது என்று மட்டும்தான் நாங்கள் சொல்லியிருந்தோம். சப்பாத்தின் துண்டு ஏதாவது காயத்துக்குள் போயிருக்கலாம், அவர் போட்டிருந்ததைக் காட்டுங்கள் என்றார். வீடு திரும்பும்போது தேவைப்படும் என்று மகள் பையில் கொண்டுவந்திருந்தாள், எடுத்துக் கொடுத்தாள். வைத்தியர் அதைத் திருப்பினார், அடியைத் தட்டினார், வெளிச்சத்தில் பிடித்துத் துளையைத் தேடினார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.

"சப்பாத்து நல்ல சுகமாக இருக்கிறது" என்றார். "காலில் ஆணி எலும்பு வரை போகவில்லை. ஒவ்வொரு நாளும் வந்து கட்டு மாற்றுங்கள், கால் உங்களிடமே இருக்கும்."